நாலு விரல் மிச்சம்

ஐந்து ரோட்டு ஷோரூமில்
கிருபாகரன் குதிரைச் சக்தியைச் சொல்கிறார்.
பதினெட்டு, இருபத்தொன்று, இருபத்தேழு.
ஏலக் குரல்.
நான் பையிலிருந்து கயிற்றை எடுத்தேன்.

நாகலூர்ச் சரிவில், பனி இறங்கிய காலையில்
இரண்டு சில்வர் ஓக்குக்கு நடுவே
அளந்து முடிச்சுப் போட்டது.
சக்கரத்துக்குச் சக்கரம் பிடித்துப் பார்த்தேன்.
பெரியது தோற்றது. நடுவிலதும்.
சிறியது நின்றது,
நாலு விரல் மிச்சத்தோடு.

“ரொட்டவேட்டர் சும்மா தர்ற மாதிரி மேடம்.”
அந்தச் சரிவை உழுதால்
அடுத்த மழைக்கு என் மண்
உங்கள் கடை வாசலுக்கே வந்துவிடும் சார்.
உண்ணிப்புதர் அறுக்க ஒரு வெட்டி,
விழுந்த மரம் இழுக்க வின்ச்,
காப்பி மூட்டைக்கு டிரெய்லர், சின்னதாக.
ஏற்றத்தில் மூக்கைத் தூக்குமா?
முன்னால் எடைக்கட்டி உண்டா?
அப்போதுதான் அவர்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மீதிக்கு அறுபது மாதத் தவணை.
அதற்குக் கயிறு இல்லை.

இருபது கொண்டை ஊசி வளைவையும்
லாரி முதுகில் தூங்கியபடி கடந்தது.
இறக்கி, சாவி திருகி,
முதல் வரிசைக்குள் நுழைத்தார் வெள்ளையன்.
பாதியில் நின்றது.

மரத்தை அளந்திருக்கிறேன்.
மரத்தைக் கட்டிக்கொண்டு நின்ற
மிளகுக்கொடியை அளக்கவில்லை.

அவர் இறங்கினார்.
முகத்தில் விழுந்த முடியை ஒதுக்குவதுபோல்
கொடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு
“ஓட்டுங்க” என்றார்.
யார்?
சுற்றிப் பார்த்தேன். காப்பிச் செடிகள்.
ஏறினேன்.

மறுபக்கம் வந்து நிறுத்தியபோது
மட்கார்டில்
பச்சை மிளகு ஒரு சரம்.