இடுப்பெலும்பில் ஒரு நண்டு

ஞாயிற்றுக்கிழமை. கல்லடி டியூட்டறி மண்டபம்.
பத்துக்கு விடுவதாகச் சொன்ன வகுப்பு
பத்தேமுக்காலுக்குத்தான் கலைந்தது.
கரும்பலகையில் பாதி அழிந்த இருபடிச் சமன்பாடு.
அழிக்கவேண்டாம், செவ்வாய்க்கிழமைக்கு வேணுமாம் என்றான் காவற்காரன்.
சரி, அதுவும் கிடக்கட்டும் கண்காட்சியில்.

வாவிப் பக்கம் ஏழு யன்னல்.
நைலோன் கயிறு கட்டி
உடுப்புக் கிளிப்பில் தொங்கவிட்டேன்
முப்பத்திநாலு வருஷத்தை.

எக்ஸ்ரே அறையில் நான் டொக்டரில்லை,
படம் பிடிக்கிறவனுமில்லை.
கழுவிக் காயப்போடுகிறவன்.
மங்கினது, ஆள் அசைந்து ஆடினது,
இரண்டு தரம் வெளிச்சம் பட்டது
எல்லாம் வாளிக்குள் விழும்.
வாளி எனக்கு.

முதன்முதல் வெட்டினது இந்தக் கெளிறு.
எண்பத்திமூன்று, பங்குனி. சவர அலகால்.
வால் கோணல், தெரியுது.
விரலெலும்பு நாலும் அதற்கு மீசையாய் வந்து விழுந்தது.
நான் கெட்டிக்காரனில்லை,
கை அப்படிக் கிடந்தது.

இது நண்டு. யாரோ ஒருவரின் இடுப்பெலும்பு.
கால்களை மட்டும்தான் நான் சேர்த்தேன்.
கொக்கின் சிறகுக்குள் தெரிவது விலா.
மறுகா குளோரின் தொட்டுத் தேய்க்கப் பழகினேன்;
கறுப்புக் கரைந்து நீலம் வரும்,
விடிய நாலரைக்கு வாவி இருக்கிற நீலம்.
கூட உரசினால் ஒன்றுமே மிஞ்சாது.
அப்படி நாசமாய்ப் போனவை இரண்டு சாக்கு.

"பாடும் மீன் எங்க?"
வருகிற எல்லாரும் கேட்கிறார்கள்.
செய்யவில்லை. அதின்ர வாயை ஆர் கண்டது?

தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றாறு மட்டும்
கயிறு வெறுமை.
அந்த யன்னலடியில் வந்ததும்
குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.
ஒரு தம்பி தொப்பியைக் கழற்றிவிட்டார்.
எப்படிச் சொல்ல?
அந்த ஆறு வருஷமும் நான் கெரம் விளையாடினேன்.
பாக்கியராசாவின் சைக்கிள் கடைப் பின்பக்கம்,
ஊரடங்குக்கு முந்தின இரண்டு மணித்தியாலம்.
பின்னடியில் சிவப்பை விழுத்த
என்னை விட்டால் ஆளில்லை.
வாளி நிறைந்து வழிந்த காலம்.
ஒரு படத்தைத் தொடவில்லை.
கெரம்தான் காரணமென்று
இன்றுவரைக்கும் சொல்லிவருகிறேன்.

தொண்ணூற்றேழிலிருந்து எல்லாம் சின்னச் சின்னதாய்:
தும்பி, திருக்கை, ஒரு மோட்டார் சைக்கிள்
(முழங்கால் சில்லு இரண்டும் அதன் சில்லு),
டொஃபிப் பேப்பர் ஒட்டின மஞ்சள் ஒட்டிமீன்.
இந்தப் பல்லியை நானே விரும்பவில்லை.
இடம் மிஞ்சியது, தொங்கவிட்டேன்.

படத்தின் மூலையில் பேரும் நம்பரும் இருக்கும்.
அலகை வைத்தால் முதல் வெட்டு அதுதான்.
ஆரின்ர எலும்பென்று எனக்கே தெரியக்கூடாது.
வெட்டின மூலைகளை என்ன செய்தாய் என்று
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.
பிஸ்கற் தகரத்தில் கிடக்கு, அலுமாரிக்கு மேலே.
அதை நான் கொண்டுவரவில்லை.

மூன்று மணிபோல காத்தான்குடியிலிருந்து ஒரு மனிசி,
மகளின் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி
கெளிற்றுக்குப் பக்கத்தில் தொங்கின
வெட்டாத ஒற்றைக் கைக்கு முன்னால் நின்றா.
"இது எந்த வருஷம்?"
எண்பத்தொன்பது.
"ஆர்ர கை?"
தெரியாதம்மா.
தன்ர கையை யன்னலில் வைத்து அளந்து பார்த்தா.
"சின்னக் கை. அவர்ர இல்ல."
மறுகா போய் பிளேன்ரீ குடித்தா,
பிள்ளைக்கொன்று தனக்கொன்று
கடலைவடை எடுத்தா.

ஆறு மணியோடு வாவி இருண்டது.
வெளிச்சம் போனால் நண்டுமில்லை, கொக்குமில்லை,
கறுப்புத் தகடு, அவ்வளவும் ஒரே மாதிரி.
புஸ்பராணி கூடையோடு வந்துவிட்டாள்.
"என்ர கிளிப் அறுபத்திரண்டையும் எண்ணித் தாங்க."
அவிழ்த்து அவிழ்த்து எண்ணினேன்.
அறுபத்தொன்று.
இன்னொரு தரம் எண்ணினேன்.

கிளிப்போடு போனது எது என்று
தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்,
காவற்காரன் திறப்பைக் கிலுக்குகிறான்.