மண்ணெண்ணெயும் வெண்கட்டியும்

எழுநூறு குதிரைவலு என்று சொன்னால்
பஞ்சிகாவத்தையில் யாரும் சிரிப்பதில்லை.
"எதுக்குள்ள, மிஸ்?" என்றுதான் கேட்கிறார்கள்.
எதற்குள் அடைப்பது.
ஏழு மாதமாக எனக்கும் அதே கேள்வி.

ரிஸ்மியின் கடையில் இரண்டும் கிடக்கின்றன,
பழைய டயர்களின் மேல், அருகருகே.
ஒன்று வார்ப்பிரும்பு, ஆறு சிலிண்டர்.
ஒசாகாவில் யாரோ ஒருவரைப்
பதினெட்டு வருடம் வேலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு
கொள்கலனில் கவிழ்ந்து வந்து
துறைமுகத்தில் ஒரு மழைக்காலம் நின்றது.
மற்றது அலுமினியம். எட்டு சிலிண்டர்.
ஒரு முனையை மட்டும் தூக்கிப் பார்த்தேன்.
தூக்க முடிந்தது.
அதுவே ஒரு வாதம்தான்.

நாற்பது கிலோ குறைவு என்கிறான் டிலான்ஜன்.
வளைவுக்குள் நுழையும்போது
முன் சீற்றிலிருந்து ஒரு பொடியன்
இறங்கிக்கொண்டது போலிருக்குமாம்.
அலுமினியம் சூட்டைக் கையில் வைத்திராது,
வாங்கின உடனே தண்ணீரிடம் கொடுத்துவிடும்.
எல்லாம் சரி.
ஆனால் சூடேறினால் அது வீங்கும்,
உள்ளே அடித்த இரும்பு ஸ்லீவ்
அந்த அளவுக்கு வீங்காது.
நடுவே ஒரு மயிரிழை.
எழுநூறும் தப்பி ஓடப் பார்ப்பது
அந்த மயிரிழைக்குள்ளால்தான்.

ஒருகொடவத்தைக் கடைசல்காரர் சுமிந்தவிடம் கேட்டேன்.
"ஸ்லீவ் ரெண்டு புளொக்குக்கு அடிச்சிருக்கு," என்றார்,
கையைத் துடைத்துக்கொண்டே,
"ஒண்டு இறங்கிட்டுது."

பகலில் நான்
காப்புறுதிக் கம்பனியில் நட்டம் மதிப்பிடுகிறவள்.
நொறுங்கிய பொனட், மடிந்த கதவு,
காலி வீதியில் பஸ் தேய்த்த கீறல்.
உடைந்ததற்கு எவ்வளவு என்று எழுதத் தெரியும்.
உடையப்போவதற்கு
எந்தப் படிவமும் எங்களிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை இரும்பு என்று முடிவெடுத்தேன்.
ஜும்மாவுக்குக் கடை பூட்ட இன்னும் அரைமணி.
"மண்ணெண்ணெய் ஈக்கா, ரிஸ்மி?"
அவன் பேச்சு எனக்கும் தொற்றிவிட்டது.
"நம்பிக்கை இல்லியா, மிஸ்?"
"இருக்கு. வெண்கட்டியும் வேணும்."

அவன் விலை எழுதும் வெண்கட்டி.
எண்ணெய் பூசினேன். ஒரு பிளேன்ரீ குடித்தேன்.
பழந்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு
வெண்கட்டியைத் தூளாக்கித் தடவினேன்.
மருந்து பூசின முதுகு மாதிரி இருந்தது.
பிறகு, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே
ஈரம் எழுந்து
ஒரு கோடு வரைந்தது.
மெல்ல. அவசரம் ஒன்றுமில்லாமல்.
போல்ட் துளையில் தொடங்கித் தண்ணீர் வழி வரைக்கும்.

மருதானைப் பக்கம் ஏதோ ஒரு லோறி
ஹோன் அடித்துக்கொண்டே இருந்தது.
"வாப்பா மேல ஆணை, எனக்குத் தெரியா மிஸ்."
நம்பினேன்.
அந்த இரும்புக்கே தெரிந்திராது,
கேட்டபோதுதான் சொன்னது.

"நான் சொல்லேல்லையா?" டிலான்ஜன் போனில்.
வெற்றி அவன் குரலில் பெற்றோல் போல மணத்தது.
அலுமினியத்துக்கும் பூசிப் பார்த்தேன்.
கோடு இல்லை, சுத்தம்.
அதன் பக்கத்தில் குந்தியிருந்து
நெடுநேரம் யோசித்தேன்.
ஸ்லீவ் இறங்கினால் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பவேண்டும்,
டொலரில், திரும்பி வருமென்ற நேர்த்தியோடு.
இரும்பு தேய்ந்தால்
இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளி சுமிந்த இருக்கிறார்.

இந்தக் காரணத்தை எந்த எஞ்சின்காரனும் மதிக்கமாட்டான்.
நான் மதித்தேன்.

கிராண்ட்பாஸில் ரிஸ்மியின் மச்சான் ஸ்டோரில்
இன்னும் மூன்று இரும்பு பார்த்தோம்.
முதலாவதில் கோடு.
இரண்டாவதில் யாரோ ஒட்டி மறைத்த கோடு.
மூன்றாவது உலர்ந்தே கிடந்தது.
அரைமணி, ஒருமணி,
வெண்கட்டி முடியும்வரை உலர்ந்தே கிடந்தது.
நாற்பதாயிரம் கூடக் கேட்டான். கொடுத்தேன்.

சாக்கால் மூடி ஓட்டோவில் ஏற்றினோம், நாலு பேர்.
"என்ன இது, சிலையா?" என்றார் ஓட்டோக்காரர்.
ஆமர் வீதி ஏற்றத்தில்
முன்சக்கரம் தார் மேல் பட்டும் படாமலும்.
"மிஸ், கொஞ்சம் முன்னுக்குச் சாயுங்கோ."

அவர் சீற்றுக் கம்பியைப் பிடித்து
என் ஐம்பத்திரண்டு கிலோவையும் முன்னுக்குக் கொடுத்தேன்.
கம்பியில் ஐந்து வெள்ளை விரல்தடம்.