தரைவிரிப்பின் கீழே

பஞ்சிகாவத்தையில்
வானின் தரையைக் கழற்றினார் நிஸ்தார்.
அம்மணமாய் இரும்பு, உள்ளங்கை அளவு துரு.
கார்மென்ட் கழித்த ஜீன்ஸை
அரைத்து அமுக்கிய நீலப் பஞ்சுத் தகடு,
அதன்மேல் பழைய லொறி டியூப்.
ஒரு துண்டில் பொத்தான் துளை இன்னும் இருந்தது.
"ரோட்டுச் சத்தத்தை இது தின்னும்" என்றார்.
காசு அடுத்த மாதம் என்றேன்.

திங்கட்கிழமை, பேஸ்லைன் வீதி,
பதினொரு பிள்ளைகள்.
எஞ்சியது
யன்னலில் ஓர் ஆணியின் நடுக்கம்.
தெமட்டகொடை தாண்டுகையில்
பின் சீட்டில் மெல்லியதாய்
ஏழேழு நாற்பத்தொன்பது, ஏழெட்டு...
அங்கே நின்று, மறுபடி முதலிலிருந்து.

அனோஜிதா.
இரண்டு வருஷமாய்
வாய் திறக்காத பிள்ளை என்று
நான் சொல்லித் திரிந்தவள்.

பொரளைச் சிக்னல்.
ஐம்பத்தாறு என் நாக்கு நுனியில்.
பச்சை விழுந்தது.
கியரைச் சத்தமில்லாமல் போட்டேன்.