நிலுவை

மௌல்மேன் கஜானாவில் எனக்கு மூன்றாவது மேசை.
முதல் தேதிதோறும் முந்நூற்றுப் பத்து ரூபாயும்
ஒரு ரசீதுமாக
புத்தர் கோயில் குன்றின் பின்சரிவில் ஏறுவேன்.
அங்கே ஒரு தேக்கு வீட்டில் இருந்தார்
தோராபாஸ் கான்.
கோப்பில் அவர் பெயருக்கு முன்னால் 'முன்னாள்' என்றிருக்கும்.
எதன் முன்னாள் என்று இராது.
அந்தச் சமஸ்தானத்தை வரைபடத்திலேயே
பக்கத்து ஜில்லாவுக்குள் மடித்துவிட்டார்கள்.

ரசீதில் அச்சடித்த வரி:
'நன்றியுடன் பெற்றுக்கொண்டேன்.'
'நன்றியுடன்' மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான்
கையெழுத்து. பதினோரு வருஷம்.
ஒவ்வொரு முறையும் துரை என்னைத்தான் வைதார்,
வழியில் நானே அடித்துவிட்டு வந்தவன் போல.

ஒரு காலத்தில் அவருக்கு ஒன்பது குண்டு மரியாதையாம்.
இங்கே துறைமுகத்தில் நண்பகலுக்கு ஒரே குண்டு,
கப்பல்காரர்கள் கடிகாரம் திருத்த.
வெடித்ததும் எழுந்து நிற்பார்,
பிய்த்த ரொட்டி கையிலிருக்க.
பிறகு சமையல்கட்டுச் சுவரில் கரியால் ஒரு கோடு.
"தவணையில் கட்டுகிறார்கள், பாபு"
என்றார் இந்துஸ்தானியில். சிரிக்கவில்லை.
நான் சிரித்துவிட்டேன்.
மாதம் முழுக்க உறுத்தியது அது.

வேவும் என் வேலைதான். தனிப்படி இரண்டு ரூபாய்.
மர ஆலைக் காவல்காரன் ஜர்வலி
வேலிக்கு அப்பால் நின்று பேசுவான்.
அவர்கள் பாஷையில் எனக்கு ஒரு சொல் தெரியாது.
இருவரும் வானத்தைக் கைகாட்டினார்கள்.
எழுதினேன்: 'மழையைப் பற்றி.'
அடுத்த மாதம் இருவரும் அழுதார்கள்.
அதற்கும் எழுதினேன்:
'மழையைப் பற்றி.'

காய்ச்சல். காலை பத்தரைக்குப் போனது உயிர்.
அன்றைய குண்டு அவர் கணக்கில் சேராது.

பொருட்பட்டியல் எடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள்.
குடை ஒன்று. சால்வை ஒன்று, பூச்சி அரித்தது.
வாளுறை ஒன்று, வாள் இல்லை.
சுவரை எந்தத் தலைப்பில் எழுதுவது?
கோடுகளை ஒன்பது ஒன்பதாக வளைத்து வைத்திருந்தார்,
வரிசை வரிசையாக, அடுப்புப் புகை ஏறிய உயரம்வரை.
கடைசி வளையம் மூடவில்லை. ஐந்து.

துரை சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்.
இப்போது அங்கே ஒரு ரப்பர் தோட்டத்துக்காரன் குடும்பம்.

பன்னிரண்டு மணிக்குத் துறையில் வெடிக்கும்போது
என் நாற்காலி பின்னுக்கு நகர்கிறது.
தண்ணீர்ப் பானைக்குப் போகிறவன் போல் எழுகிறேன்.
நான்கு நாளைக்குத்தான் என்று தொடங்கினேன்.
நடுவில் எங்கோ
எண்ண மறந்துவிட்டேன்.