ஒரு கட்டம், இருபது எழுத்து

படிவத்தில் ஊர்ப்பெயருக்கு ஒரே ஒரு கட்டம்.
இருபது எழுத்துக்கு மேல் ஏற்காது.
கோத்தகிரியிலிருந்து எட்டரை பஸ்ஸில் வந்து இறங்கினேன்,
முழங்கால் வரை மஞ்சு.

கம்பெனிப் பலகை சொன்னது: பால்மோரி எஸ்டேட்.
ஒட்டி நின்ற பஞ்சாயத்துப் பலகை: கெம்மண்ணட்டி.
நாலடி தள்ளி ஒரு சிமெண்ட் வளைவு,
வேம்பு முளைக்காத குளிரில்
கீழிருந்து பஸ் ஏறி வந்த வேப்பிலை காய்ந்து தொங்க:
அருள்மிகு பால்மாரியம்மன் துணை.

எது சரி என்றேன்.
கேரட் கழுவிக்கொண்டிருந்த மிச்சி
காலைத் தூக்கிச் செருப்பைக் காட்டினாள்.
"செகப்பு மண்ணு. வேற என்ன பேரு வைப்பாங்க?"

கட்டடங்களுக்கு வேறு படிவம்.
துரை பங்களா: புகைபோக்கி ஐந்து, புகைவது ஒன்று.
இஸ்டோரு. பெரட்டுக்களம்.
பிள்ளைமடுவத்தில் இப்போது உர மூட்டை,
சுவரில் மட்டும் அழியாத ஒரு மஞ்சள் வாத்து.
லயம், பன்னிரண்டு காம்பரா.
காம்பரா எந்த மொழி என்று மேலதிகாரி ஓரத்தில் கேட்டிருந்தார்.
கப்பலில் வந்த சொல் என்று எழுதி
அடித்துவிட்டேன்.

வேதக்கோயிலுக்குத் தகரக் கூரை.
பின்புறம் சில்வர் ஓக் வேர் தூக்கிச் சாய்த்த கல்லறை.
பாசியைச் சுரண்டினால் ஒருவன்:
வயது இருபத்தாறு, காய்ச்சல், ஊர் பால்மோரி.
இந்த ஊர் இல்லை.
அதற்கடுத்த வரியில்
நான் வாய்விட்டுப் படிக்க முடியாத ஒரு ஸ்காட்லாந்துச் சீமை.
அங்கிருந்து பெயரை மட்டும்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து
செம்மண்மேல் ஒட்டியது இவனோ, இவன் அண்ணனோ.

கவாத்துக் கத்தியோடு வந்து நின்றார் சன்னாசி.
எழுத்துக் கூட்டத் தெரியாதவர்
அந்த ஒரு சொல்லை அடையாளம் கண்டார்.
"தேயிலைப் பெட்டியில இதத்தான் அச்சடிப்போம்."
இங்கேயா?
"அக்கரையில. நுவரெலியாவுக்கு மேல.
நான் பொறந்ததும் பால்மோரிதான்.
ஒப்பந்தத்துல பேரு வந்து கப்பல் ஏறினோம்.
மண்டபம் கேம்ப்புல எந்த ஊருன்னு கேட்டாங்க. சொன்னேன்.
அப்ப அங்கயே போன்னு லாரில ஏத்திட்டாங்க.
ஊருக்கே திருப்பி அனுப்புறாங்கன்னு
மேட்டுப்பாளையம் தாண்டுற வரைக்கும் நெனச்சேன்."

தேயிலை தெரிந்ததாம். பனி தெரிந்ததாம்.
அதே பெயர்ப்பலகையும் தெரிந்ததாம்.
இறங்கி, தன் காம்பராவைத் தேடியிருக்கிறார்.

இப்போது குனிந்து கல்லைப் பார்த்தார்.
"அப்ப இவனும் நம்ம ஊர்க்காரனா?"

பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
தலைமாட்டில் மண்டிய உண்ணிச்செடியை
இரண்டே வெட்டில் அரிந்து தள்ளினார்.
"வழியில கெடக்கு" என்றார்,
அந்தப் பக்கம் வழியே இல்லை.

நாலேகால் பஸ் நெரிசலில் கண்டக்டர் வந்து சேர
இரண்டு வளைவு ஆயிற்று.
எங்கே ஏறினீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்.
கெம்மண்ணட்டி என்றது கேரட் மூட்டை.
பால்மாரி என்றது பள்ளிச் சீருடை.
என் முறை வந்ததும் நான் யோசித்தேன்.

"எதச் சொன்னாலும் மெஷின்ல ஸ்டேஜ் பதினாலுதான் மேடம்.
பதினோரு ரூபா. சில்லறையா குடுங்க."

இருபதை நீட்டினேன்.
ஒன்பது பாக்கி என்று
டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.