எட்டு மணி நேரம் பாக்கி

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை
மேலிருந்து எண்ணும் வேலை உங்களுக்கு.
அடைமழைக்குள் முடிக்கணும் என்கிறீர்கள், சரி.
பதிவேட்டில் எட்டு மணி நேரம் பாக்கி, சேவியர்.

விமானத்தில் இரண்டாயிரம் மணி பறந்தவர்தான்.
அதுதான் எனக்குப் பயம்.
மூக்கு நிமிர்ந்தால்
உங்களைக் கேட்காமலே
ஸ்டிக்கை முன்னே தள்ளும் உங்கள் கை.
இது ஜைரோ.
தள்ளினால்
தலைக்கு மேல் சுழலும் இறக்கைக்குக்
கீழிருந்து ஏறும் காற்று நின்றுபோகும்.
பாரம் இழந்த இறக்கை
துவண்டு, தாழ்ந்து
தன் வாலையே வெட்டும்.
பிறகு இழுத்துப் பயனில்லை.

இன்ஜின் நின்றால்கூடப் பரவாயில்லை,
இறங்கிவிடும்.
குறுவை அறுத்த வயல் ஒன்று போதும்.

அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில்
கலிவரதனின் வண்டியிலிருந்து பொறுக்கிய
நாற்பத்தோரு துண்டுகளுக்கும்
எண் எழுதி அட்டை கட்டியது நான்.
வால் துண்டில் உப்பு பூத்திருந்தது.
அவரும் பழைய விமானிதான்.

அன்று விதியில்
'மறுபயிற்சி பெறலாம்' என்றிருந்தது.
அந்த 'லாம்' 'வேண்டும்' ஆவதற்குக்
கமிட்டிக்குப் பதினான்கு மாதம்.
டீ, வடை, ஒத்திவைப்பு.

உங்களைவிடப் பதினோரு வயது சின்னவள்,
தெரியும்.
மேலே யாரிடம் பேசினாலும்
அந்தச் சொல்
அங்கேயேதான் இருக்கும்.

பேனாவை மூடிவிட்டேன்.
நாளை காலை ஆறு மணி,
கொண்டல் எழும்பும் முன்.
பின்னிருக்கையில் நான்.
ஸ்டிக்கை இரண்டு விரலால் பிடியுங்கள்.
கோபத்தை
வேண்டுமானால் முழுக் கையால்.