எல்லோருக்கும் அழி

ஜூன் மாதம் கொடுத்த தாள், பதினோரு விதிகள்.
அப்பா போட்டில் போயிருந்தார்.
அவர் கையெழுத்தை நானே போட்டேன்.
முதல் மீறல் அதுதான்.

ராயபுரம் பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் லேபில்
சிலுவைக்குக் கீழே பச்சையாய்க் கண் சிமிட்டும் ரவுட்டர்.
உயிரியல் பாடத்துக்கு 'இனப்பெருக்கம்' என்று தட்டினால்
'தடை செய்யப்பட்டது' என்று சிவப்பில் வரும்.
கிரிக்கெட் ஸ்கோரும் வராது.
உப்புக்காற்றில் இறுகிய ஸ்பேஸ் பார்
இரண்டு தட்டுக்கு ஒருமுறை இறங்கும்.

காவலெல்லாம் உள்ளே.
நான் அனுப்பியது வெளியே, எண்ணூர் பஸ்ஸில்,
ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி:

காசிமேடு, விடியற்காலை.
யூனிஃபார்மின் மேல் அம்மாவின் சட்டையை மாட்டிக்கொண்டு
ஐஸ் பெட்டி கழுவுகிற ஜெனோவா,
தும்மப்போகிற முகத்தோடு.
யார் எடுத்ததோ. நான் எடுக்கவில்லை.
சிரிக்கிற மஞ்சள் முகம் மூன்றைச் சேர்த்தேன்,
அவ்வளவுதான்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம்.
வலைக்கு அந்தப் பக்கமிருந்து ஃபாதர் கேட்டார்:
எத்தனை தடவை?
ஒரு தடவை, ஃபாதர்.
சொல்லிவிட்டு, முழந்தாளில் இருந்தபடியே கணக்குப் போட்டேன்:
எங்கள் குரூப்பில் நாற்பத்து மூன்று பேர்,
அவரவருக்கு எத்தனை குரூப்போ.
'அருள் நிறைந்த மரியே' மூன்று சொல்லச் சொன்னார்.
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

'எல்லோருக்கும் அழி' என்பதற்கு
நேரம் தாண்டிவிட்டது.
என் போனில் மட்டும் அழிந்தது.

திங்கள், பதினான்காம் நாற்காலி காலி.
செவ்வாயும்.
புதன்கிழமை வந்தாள்.
யாரையும் பார்க்கவில்லை. என் பக்கத்து சிஸ்டம்தான்.
விதி ஆறைப் பற்றி அவளிடம் பேச
எனக்கு வாய் வரவில்லை.
அவள் பாஸ்வேர்டு தட்டும்போது
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.
விதி இரண்டு.
அதையாவது.